விக்டோரியா காலத்து வேல்ஸில் ஓர் ஆண்டு: நாட்காட்டி யார் கையில் இருந்தது?

விக்டோரியா அரசி ஆண்ட காலத்தில், அதாவது 1837 முதல் 1901 வரை, வேல்ஸில் புது ஆண்டு எப்போது பிறக்கும் என்று விசாரித்திருந்தால் ஆளுக்கொரு தேதி சொல்லியிருப்பார்கள். அச்சடித்த நாட்காட்டியில் ஜனவரி 1. பெம்ப்ரோக்ஷயரில் குவைன் பள்ளத்தாக்கு மக்களுக்கு ஜனவரி 13. பிரிட்டன் 1752இல் நாட்காட்டியைத் திருத்தி 11 நாட்களைக் கழித்தபோது அவர்கள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. பழைய கணக்குப்படியே புத்தாண்டைக் கொண்டாடினார்கள், இன்றும் கொண்டாடுகிறார்கள். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு வாடகை நாளான மார்ச் 25 அல்லது செப்டம்பர் 29. பண்ணையில் வேலை செய்தவருக்கோ நவம்பர் 13, பழைய கணக்கில் நவம்பர் முதல் தேதி.

இந்தத் தேதிகளை வெறும் கிராமத்துச் சுவாரசியமாகப் பார்த்துவிட்டுப் போய்விடக் கூடாது. அன்றைய வேல்ஸில் பெரும்பாலான குடும்பங்களுக்கு ஓர் ஆண்டு என்பது ஓர் ஒப்பந்தம். யார் யாருக்குக் கட்டுப்பட்டவர், எந்தத் தேதி வரை, எந்தத் தேதியில் வீட்டை விட்டு வெளியேற்றலாம் என்பதையெல்லாம் அதுதான் தீர்மானித்தது. நிலம், நீதிமன்றம், பாராளுமன்றம், பள்ளி எதுவும் வெல்ஷ் பேசும் சாதாரண மக்கள் கையில் இல்லை. ஆனால் அதே 365 நாட்களின் மேல் அவர்கள் தங்களுக்கென்று இன்னோர் ஆண்டைக் கட்டிக்கொண்டார்கள். ஞாயிறு பள்ளி, பாட்டுக் கூடுகை, அறுப்பின் பண்டிகை, கவிதைப் போட்டி என்று அதற்கும் ஒரு சுற்று இருந்தது. இந்த இரண்டு ஆண்டுகளும் ஒன்றோடொன்று உரசியதுதான் விக்டோரியா காலத்து வேல்ஸின் கதை என்பது என் கருத்து.

முதல் ஆண்டை நவம்பரிலிருந்து பார்ப்போம். சந்தை ஊர்களில் அந்த மாதம் ஆள்பிடிக்கும் சந்தை கூடும். வேலை தேடும் இளைஞர்களும் பெண்களும் தெருவில் வரிசையாக நிற்பார்கள். விவசாயி வந்து ஏற இறங்கப் பார்ப்பார், போன வருஷம் எங்கே வேலை என்று கேட்பார், சம்பளம் பேசுவார். பேச்சு முடிந்ததும் கையில் ஒரு ஷில்லிங் அச்சாரம் வைப்பார். அதை வாங்கிக்கொண்டால் தவணை முடியும்வரை அந்த ஆள் அந்தப் பண்ணைக்குக் கட்டுப்பட்டவர். வடக்கே மே மாதமும் நவம்பருமாக அரை ஆண்டுத் தவணை, தென்மேற்கில் பெரும்பாலும் முழு ஆண்டு. கூலியில் பெரும்பகுதி கடைசியில்தான் கைக்கு வரும் என்பதால் நடுவில் விட்டுப் போவதும் சுலபமில்லை.

வேலைக்காரப் பையன்கள் தொழுவத்துக்கு மேலே உள்ள பரணில் படுத்தார்கள். கீழே குதிரைகள், மேலே வைக்கோலும் நான்கைந்து ஆட்களும். அந்தப் பரண்களில் பாட்டும் கதையும் மோர்சிங் வாசிப்பும் நடந்தன. வடமேற்கு வேல்ஸின் நாட்டுப்பாடல்களில் பல இப்படிப்பட்ட பரண்களில்தான் உயிரோடு இருந்தன. எஜமானின் வீட்டுக்குள் இடமில்லாதவர்கள் தங்கள் மாலைப் பொழுதை மட்டும் தங்களுடையதாக வைத்துக்கொண்டார்கள்.

குத்தகைதாரர் நிலைமை இவர்களைவிட மேல்தான், ஆனாலும் பாதுகாப்பானது இல்லை. ஆண்டுக் குத்தகைதான் வழக்கம், ஆறு மாத நோட்டீஸில் காலி செய்யச் சொல்லலாம். நிலக்கிழார்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுபவர்கள், ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர்கள், கன்சர்வேடிவ் கட்சிக்காரர்கள். குத்தகைதாரர்களோ வெல்ஷ் பேசுபவர்கள். மெதடிஸ்ட், இன்டிபென்டென்ட், பாப்டிஸ்ட் சபைகளில் கூடியவர்கள், லிபரல்களை ஆதரித்தவர்கள். வாக்களிப்பு அப்போது வெளிப்படையானது, யாருக்கு ஓட்டு என்று எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். 1868 நவம்பர் தேர்தலில் வேல்ஸ் பெருமளவில் லிபரல்கள் பக்கம் சாய்ந்தது. மெர்தர் டிட்வில் தொகுதியில் லிபரல் வேட்பாளர் ஹென்ரி ரிச்சர்ட் வென்றார். அடுத்த ஆண்டில் கார்டிகன்ஷயரிலும் கார்மார்தன்ஷயரிலும் எஜமானுக்கு எதிராக வாக்களித்த குத்தகைதாரர்களுக்கு நோட்டீஸ் போனது. ஒரே பண்ணையைத் தலைமுறை தலைமுறையாக உழுத குடும்பங்கள் வெளியேறின. ஹென்ரி ரிச்சர்ட் இதைப் பாராளுமன்றத்தில் எழுப்பினார். 1872இல் ரகசிய வாக்குச்சீட்டுச் சட்டம் வந்ததற்குப் பின்னால் இருந்த அழுத்தங்களில் இதுவும் ஒன்று.

கோடையில் சுண்ணாம்பு. மேற்கு வேல்ஸின் மண் புளித்த மண், அதாவது அமிலம் மிகுந்தது, சுண்ணாம்பு போடாமல் பயிர் எழாது. எனவே கோடை வந்தால் விவசாயிகள் வண்டி கட்டிக்கொண்டு சுண்ணாம்புச் சூளைகளுக்குப் போவார்கள். போகிற வழியெல்லாம் சுங்கச்சாவடி. சாலைகள் தனியார் டிரஸ்ட்களின் பொறுப்பில் இருந்தன, ஒவ்வொரு டிரஸ்டும் தன் எல்லையில் சாவடி வைத்துக் காசு வாங்கியது. சுண்ணாம்பு வண்டிகளை மடக்குவதற்காகவே எவைல்வென் என்ற ஊரில் ஒரு சாவடி வந்தபோது, 1839 மே 13 அன்று இரவு பெண் வேடமிட்ட ஆண்கள் அதை உடைத்தார்கள். விவிலியத்தில் வரும் ரெபேக்காளின் பெயரைத் தலைவருக்கு வைத்துக்கொண்டார்கள். அவளுடைய சந்ததியார் பகைஞரின் வாசல்களைச் சுதந்தரிப்பார்கள் என்ற ஆதியாகம வசனம் அவர்களுக்கு அத்தனை பழக்கமானது. 1843 வரை இந்தக் கலகம் நீடித்தது, 1844இல் சாவடிகளை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தது. வறுமைக்கு எதிரான கலகம் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம், அது சரிதான். ஆனால் சுண்ணாம்பு எந்தப் பருவத்தில் தேவை, அந்தப் பருவத்தில் கையில் எவ்வளவு காசு இருக்கும் என்பதைப் பார்க்காமல் அந்தக் கோபத்தின் சூடு புரியாது.

அப்புறம் அறுவடை. கார்டிகன்ஷயரில் இதற்கென்று ஒரு கடன் முறையே இருந்தது. நிலமில்லாத குடிசைக்காரர் தான் சேர்த்த எருவைக் கொண்டுபோய் விவசாயியின் வயலில் சில வரிசை உருளைக்கிழங்கு நடுவார். அதற்குப் பணம் கிடையாது, தானிய அறுவடையில் இத்தனை நாள் வேலை என்று கணக்கு. அந்த நாட்களைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் வேலை செய்து தீர்த்தார்கள். கைஅரிவாளால் அறுக்கிற காலத்தில் விவசாயிக்கு ஒரே வாரத்தில் ஏராளமான கைகள் வேண்டும், குடிசைக்காரருக்குக் குளிர்காலம் முழுவதும் சாப்பிடக் கிழங்கு வேண்டும். இரண்டு பக்கத் தேவையும் சேர்ந்து ஊரைக் கட்டிப்போட்டிருந்தது.

கடைசி வயலின் கடைசிப் பிடிக் கதிரை மட்டும் அறுக்காமல் நிற்க விடுவார்கள். அதை மூன்றாகப் பிரித்துப் பின்னிவிடுவார்கள். அதற்கு ‘அறுவடைக் குதிரை’ என்று பெயர். அறுப்பவர்கள் தள்ளி நின்று ஒருவர் பின் ஒருவராக அரிவாளை அதன் மேல் வீசுவார்கள். யாருடைய அரிவாள் அறுக்கிறதோ அவர்தான் அதை நனையாமல் வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். வாசலில் வேலைக்காரப் பெண்கள் வாளி வாளியாகத் தண்ணீரோடு காத்திருப்பார்கள். அவர் அதைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு ஏதாவது வழியில் உள்ளே நுழையப் பார்ப்பார். காய்ந்தபடி மேசைக்கு வந்து சேர்ந்தால் விருந்தில் அவருக்குத்தான் மரியாதை, நனைந்தால் கடைசி இடம். எஜமானின் வீட்டில் வேலையாட்கள் எஜமானையும் சேர்த்து விளையாட்டுக்கு இழுத்த ஒரு நாள் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் குதிரை பூட்டிய அறுவடை இயந்திரங்கள் வர, இந்த வழக்கம் மறைந்தது. உருளைக்கிழங்குக் கடனும் மெல்லத் தளர்ந்தது.

இதுவரை சொன்னது எஜமானர்களின் நாட்காட்டி. இனி மற்றது.

அதன் அச்சு ஞாயிற்றுக்கிழமை. 1851 மார்ச் 30 அன்று பிரிட்டன் முழுவதும் வழிபாட்டுக் கணக்கெடுப்பு நடந்தபோது, வேல்ஸில் அன்று வழிபாட்டுக்குப் போனவர்களில் மிகப் பெரும்பான்மையினர் அரசுச் சபையான ஆங்கிலிக்கன் சபைக்கு வெளியே உள்ள சபைகளுக்குப் போனது தெரிய வந்தது. அந்தக் கூடங்களைக் கட்டியது அவர்களே, போதகருக்குச் சம்பளம் கொடுத்ததும் அவர்களே. ஞாயிறு பள்ளி குழந்தைகளுக்கு மட்டும் இல்லை. தாத்தா, பாட்டி வரை வகுப்பில் உட்கார்ந்து வெல்ஷ் விவிலியத்தை எழுத்துக் கூட்டிப் படித்து, வசனத்துக்கு வசனம் விவாதித்தார்கள். வாரநாள் பள்ளிகள் ஆங்கிலத்தில் நடந்தபோது, ஒரு மக்கள் கூட்டமே தாய்மொழியில் படிக்கக் கற்றது இங்கேதான். நூற்றுக்கணக்கான வெல்ஷ் பத்திரிகைகளுக்கு வாசகர்கள் கிடைத்ததும் இதனால்தான்.

இதை லண்டன் அதிகாரிகள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு 1847 சாட்சி. வேல்ஸில் கல்வி நிலையை ஆராய அனுப்பப்பட்ட மூன்று ஆணையர்களில் ஒருவருக்கும் வெல்ஷ் தெரியாது. ஆங்கிலிக்கன் குருமார்களின் வாக்குமூலங்களைப் பெரிதும் நம்பினார்கள். ஏழை நாட்டின் பள்ளிகள் மோசமாக இருந்தன என்று அவர்கள் எழுதியதில் உண்மை உண்டு. ஆனால் அதோடு நிறுத்தாமல் வெல்ஷ் மொழியே முன்னேற்றத்துக்குத் தடை என்றார்கள், வெல்ஷ் பெண்களின் ஒழுக்கத்தைக் குறை சொன்னார்கள், இரவு ஜெபக்கூட்டங்களைச் சந்தேகித்தார்கள். நீல அட்டை போட்ட அந்த அறிக்கையை ‘நீலப் புத்தகங்களின் துரோகம்’ என்று வேல்ஸ் இன்றுவரை நினைவு வைத்திருக்கிறது. அந்த அவமானம் இரண்டு விதமாக வேலை செய்தது. ஒரு பக்கம், பிள்ளை ஆங்கிலம் படித்தால்தான் பிழைக்கும் என்று பெற்றோரே நினைக்கத் தொடங்கினார்கள். இன்னொரு பக்கம், நாங்கள் ஒழுக்கமானவர்கள் என்று நிரூபிக்கும் வேகத்தில் சபைகள் தங்கள் ஆண்டைப் பாட்டாலும் மதுவிலக்காலும் கூட்டங்களாலும் நிரப்பின. 1881இல் வேல்ஸுக்கு மட்டும் பொருந்தும்படி ஞாயிறு மதுக்கடை மூடல் சட்டம் வந்தது. வேல்ஸைத் தனி நாடாக எண்ணிச் செய்த சட்டம் நவீன காலத்தில் அதுதான் முதல்.

பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். யெயான் குவில்ட் என்ற புனைபெயரில் அறியப்பட்ட போதகர் ஜான் ராபர்ட்ஸ் 1859இல் சபைகளுக்கான ராகத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். அதே ஆண்டு அபர்டேரில் ‘கமன்வா கானி’ எனும் பாமாலைக் கூடுகையையும் தொடங்கினார். சுற்றுவட்டாரச் சபைகள் ஒரே நாளில் கூடி நான்கு குரலில் பாட வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஒத்திகை. பியானோ வாங்கவோ ஐரோப்பிய இசைக்குறி படிக்கவோ வசதியில்லாத நெசவாளியும் சுரங்கத் தொழிலாளியும் எப்படி நான்கு குரல் பாடினார்கள்? டானிக் சொல்ஃபா என்ற முறை கைகொடுத்தது. நம் ச ரி க ம போல ஸ்வரங்களை எழுத்துகளாக எழுதுவது, அவ்வளவுதான். தாள், கரும்பலகை, சுட்டிக்காட்ட ஒரு கோல் போதும். 1860களில் இது வேல்ஸ் முழுவதும் பரவியது. கொல்லர் வேலை செய்து வளர்ந்த கரடாக் என்ற கிரிஃபித் ரீஸ் ஜோன்ஸ், தெற்குப் பள்ளத்தாக்குகளிலிருந்து சுமார் 450 குரல்களைச் சேர்த்து 1872இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் போட்டிக்கு அழைத்துப் போனார். எதிர்த்துப் பாட யாரும் வரவில்லை. 1873இல் வந்த லண்டன் குழுவை வென்றார்கள். நீல அறிக்கை காட்டுமிராண்டிகளாகச் சித்தரித்த மக்களின் பிள்ளைகள் அவர்கள்.

அக்டோபரில் அறுப்பின் பண்டிகை, திங்கட்கிழமையில். அன்று வேலையை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் ஜெபக்கூட்டம். ஆண்டு முழுவதும் மிஷன் காணிக்கையும் சேர்ந்தது. வெல்ஷ் மெதடிஸ்டுகள் அனுப்பிய தாமஸ் ஜோன்ஸ் 1841இல் இன்றைய மேகாலயாவின் சிரபுஞ்சிக்கு வந்து, காசி மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் முறையை வகுத்தார். அந்த எழுத்துமுறையில் வெல்ஷ் சாயல் இன்றும் உண்டு. அபெரிஸ்ட்வித்தில் 1872இல் திறந்த பல்கலைக்கழகக் கல்லூரியும் இப்படித்தான் நின்றது. அரசு உதவி இல்லாத அந்த ஆண்டுகளில் சபைகள் ஒரு ஞாயிறு காணிக்கையை அதற்கென்றே ஒதுக்கின. ஏழைகள் போட்ட சில்லறையில் ஒரு பல்கலைக்கழகம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

சபையின் ஆண்டு பழைய பண்டிகைகளைப் பலவிதத்தில் விரட்டியது என்பதையும் மறைக்கக் கூடாது. கிளாமர்கனில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில் குதிரை மண்டையோட்டைக் கோலில் செருகி, வெள்ளைத் துணி போர்த்தி, ரிப்பன் கட்டி வீடு வீடாகப் போவார்கள். வாசலில் வெளியே நிற்பவர்களும் உள்ளே இருப்பவர்களும் பாட்டாலேயே மோதிக்கொள்வார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அடுத்த பாட்டு வராவிட்டால் கதவைத் திறந்து பீரும் கேக்கும் கொடுக்க வேண்டும். இதுதான் மாரி லூயிட். நெவித் என்ற பெயரில் எழுதிய பாப்டிஸ்ட் போதகர் வில்லியம் ராபர்ட்ஸ் 1852இல் இதை இருண்ட காலத்து அசிங்கம் என்று கண்டித்து எழுதினார். கண்டிப்பதற்காக அந்தப் பாட்டின் இருபது செய்யுள்களையும் அச்சிட்டார். பின்னால் வந்தவர்கள் அந்தப் பாட்டைக் கற்றது அவர் புத்தகத்தைப் பார்த்துத்தான். கிறிஸ்துமஸ் விடியலுக்கு முன், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், வாத்தியம் இல்லாமல் பாடும் ‘ப்ளகைன்’ வழிபாடு மட்டும் தப்பியது. மான்ட்கோமரிஷயர் பக்கம் அது இன்றும் நடக்கிறது.

பழைய கிராமத்து ஆண்டைச் சபையைவிட அதிகமாகக் குலைத்தது நிலக்கரி. ரோந்தா பள்ளத்தாக்கில் 1851இல் ஆயிரம் பேர்கூட இல்லை, 1901இல் 1,13,000க்கும் மேல். ஆள்பிடிக்கும் சந்தையில் நின்றவர்கள் ரயிலேறி இங்கே வந்தார்கள். பூமிக்கடியில் விதைப்பும் இல்லை அறுப்பும் இல்லை. குளிர்காலத்தில் இருட்டில் இறங்கி இருட்டில் ஏறினால் வெளிச்சத்தை ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க முடியும். 1875இலிருந்து கூலி நிலக்கரி விலையோடு கட்டப்பட்டிருந்தது. அதனால் நல்ல மாதமா கெட்ட மாதமா என்பது கப்பல்கள் ஏறும் கார்டிஃப் சந்தையில் தீர்மானமானது. விபத்துகளும் ஆண்டின் பகுதியாகிவிட்டன. 1856 ஜூலையில் கிம்மரில் 114 பேர், 1878 செப்டம்பரில் அபர்கார்னில் 268 பேர், 1894 ஜூனில் கில்வனித்தில் 290 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் சிறுவர்களும் உண்டு.

இங்கேயும் தொழிலாளர்கள் ஒரு நாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். ‘மேபன்’ என்று அழைக்கப்பட்ட வில்லியம் ஆபிரகாம், 1885இல் ரோந்தாவின் பாராளுமன்ற உறுப்பினரான சுரங்கத் தலைவர். கூட்டத்தில் கூச்சல் எழுந்தால் ஒரு பாமாலையை எடுத்துப் பாடி அடக்கிவிடுவார் என்று பெயர் பெற்றவர். அவர் பெயரால் மாதத்தின் முதல் திங்கள் சுரங்கத் தொழிலாளர்களுக்கு விடுமுறையானது. சங்கக் கூட்டம், பாடகர் ஒத்திகை, ஐஸ்தெத்வோட் எனும் கவிதை இசைப் போட்டி எல்லாம் அந்த நாளில் நடந்தன. உற்பத்தி குறைகிறது என்று முதலாளிகளுக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை. 1898இல் பல மாதக் கதவடைப்பில் தொழிலாளர்கள் தோற்றபோது மேபன் நாளும் போய்விட்டது. அதே தோல்வியிலிருந்துதான் தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் கூட்டமைப்பு பிறந்தது.

இரண்டு ஆண்டுகளும் நேருக்கு நேர் மோதிய இடம் வடக்கே பெத்தெஸ்டா. ஸ்லேட் கல்லுக்குப் பேர்போன பென்ரின் குவாரியின் சொந்தக்காரர் பென்ரின் பிரபு. சுற்றியிருந்த நிலமும் அவருடையது. மாதத்துக்கு ஒருமுறை பாறையின் ஒரு துண்டுக்கு விலை பேசிக்கொண்டு குழுவாக வேலை செய்வது குவாரித் தொழிலாளர் முறை. அதனால் தங்களைக் கூலிகளாக அவர்கள் நினைக்கவில்லை. மதிய உணவுக் குடிசையில் கவிதைப் போட்டியும் வேதாகம விவாதமும் தொழிற்சங்கப் பேச்சும் நடந்தன. அந்தப் பேரம் பேசும் உரிமையையும் சங்கத்தையும் நிர்வாகம் ஒதுக்கத் தொடங்க, 1896இல் ஒருமுறை வேலை நின்றது. 1900 நவம்பர் 22 அன்று சுமார் 2,800 பேர் வெளியேறினார்கள். இரண்டு மாதத்தில் விக்டோரியா இறந்தார், வேலைநிறுத்தம் முடியவில்லை. 1901 ஜூனில் சிலர் வேலைக்குத் திரும்பியபோது மற்ற வீடுகளின் சன்னல்களில் ‘இந்த வீட்டில் துரோகி இல்லை’ என்று அட்டைகள் தொங்கின. பெத்தெஸ்டாவின் பாடகர் குழுக்கள், ஆண்களும் பெண்களும், பிரிட்டன் நகரங்களுக்குப் போய்ப் பாடி நிவாரண நிதி திரட்டின. சபைகளின் ஒத்திகைகளில் வளர்ந்த குரல்கள் மூன்று ஆண்டுகள் அந்த ஊருக்குச் சோறு போட்டன. 1903 நவம்பரில் தோற்றுத்தான் போனார்கள். அதற்குள் பலர் தெற்கே நிலக்கரிச் சுரங்கங்களுக்கு வேலை தேடிப் போயிருந்தார்கள்.